ரோபோ உடம்பு வாங்கியாச்சு, அடுத்து என்ன?

போன பகுதியில் செகண்ட் லைஃபுக்குள் ஒரு ரோபோ உடம்பை எப்படித் தேடி வாங்குவது, பெட்டியைத் தரையில் வைத்து எப்படிப் பிரிப்பது, மனித உடம்பை உள்ளே எப்படி மறைப்பது என்றெல்லாம் பேசியிருந்தேன். அதைக் கேட்டுவிட்டு ஒரு தம்பி எழுதியிருந்தார். ரோபோவைப் போட்டாச்சு அண்ணா, கை அசையுது, கண்ணுல லைட் எரியுது, ஆனா ரெண்டு நாளா ஒரு மேடையில தனியா நின்னுக்கிட்டு இருக்கேன், அடுத்து என்ன பண்றதுன்னே தெரியல என்று. இன்றைய பேச்சு முழுக்க அவருக்கான பதில்தான்.

எனக்குத் தெரிந்து இந்த உலகத்தை விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போனார்கள். உடம்பு கிடைக்கும் வரை ஒரு வேகம் இருக்கும். கடை கடையாக ஏறி இறங்குவோம், டெமோ போட்டுப் பார்ப்போம், கால் சரியாக நிற்கவில்லை என்று அரை மணி நேரம் சரிசெய்வோம். எல்லாம் முடிந்ததும் ஒரு வெறுமை வரும். ஏன்னா செகண்ட் லைஃப் ஒரு விளையாட்டு இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் பிலிப் ரோஸ்டேல் தொடங்கிய லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூன் 23 அன்று இதைத் திறந்தது. அன்றிலிருந்து இன்றுவரை இதில் லெவல் கிடையாது, பாயிண்ட் கிடையாது, கொல்ல வேண்டிய பூதமும் கிடையாது. அடுத்தது என்ன என்பதை அங்கே இருக்கும் மனிதர்கள்தான் சொல்ல முடியும்.

ஒரு சின்ன கிளைக்கதை. அவதாரம் என்ற சொல் நமக்குப் புதுசு இல்லை, மேலே இருக்கிறவர் கீழே இறங்கி வருவது. ரோபோ என்ற சொல் செக் மொழியிலிருந்து வந்தது. காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய ஆர்.யு.ஆர். நாடகத்தில்தான் அது உலகத்துக்கு அறிமுகமானது. மூலச் சொல்லுக்குக் கட்டாய உழைப்பு, நம்ம ஊர் வெட்டி வேலை மாதிரி, என்று பொருள். ஆக ரோபோ அவதாரம் என்றால் விரும்பி இறங்கி வந்து, கட்டாய வேலைக்காரன் உடம்பைப் போட்டுக்கொள்வது. இது வெறும் சொல் வேடிக்கை என்று நினைக்காதீங்க, கொஞ்ச நேரத்தில் இதற்கே திரும்ப வரப்போகிறேன்.

முதலில் கூட்டத்துக்குப் போகும் முன்னால் உடம்பைச் சரிபார்க்க வேண்டும். ரோபோ உடம்புகள் பொதுவாகக் கனமானவை. மனித உடம்பு ஒரே தோல். ரோபோவுக்கு ஒவ்வொரு பிஸ்டனும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனித் துண்டு. ஒவ்வொன்றையும் பக்கத்தில் நிற்பவரின் கணினி வரைந்து காட்ட வேண்டும். இதற்கு காம்ப்ளெக்ஸிட்டி என்று ஒரு எண் இருக்கு, உங்கள் வியூவரிலேயே பார்க்கலாம். எதிரில் இருப்பவர் வைத்திருக்கும் வரம்பை உங்கள் எண் தாண்டினால், உங்களை வரையாமல் ஒரே நிறத்தில் பொம்மை மாதிரிக் காட்டிவிடும். ஜெல்லி டால் என்பார்கள். நீங்கள் ஆயிரக்கணக்கில் லிண்டன் டாலர் போட்டு வாங்கிய பித்தளைப் பளபளப்பு, நியான் கோடு எல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நீங்கள் ஒரு சாயம் பூசிய நிழல். இரண்டு நாள் நின்றும் யாரும் பேசவில்லை என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் தம்பி, பாருங்க.

குறைப்பது கஷ்டம் இல்லை. யாரும் பார்க்காத உள்பக்கத் துண்டுகள் இருக்கும், கழற்றிவிடலாம். ஒரு நேரத்தில் 38 பொருள்களைத்தான் உடம்பில் மாட்ட முடியும், அதில் பாதி பழைய துப்பாக்கியும் கடையில் கொடுத்த ரிமோட்டுமாக இருக்கும். நடை மாற்றும் ஸ்கிரிப்ட் இரண்டு மாட்டியிருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் கால் இரண்டு திசையில் போகும். எல்லாம் சரியானதும் அந்தக் கோலத்தை அவுட்ஃபிட்டாகச் சேமித்து வையுங்கள். எதையாவது மாற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் நகல் எடுங்கள். நகல் எடுக்க அனுமதி இல்லாத பொருளாக இருந்தால் கை வைக்கும் முன் பத்து தடவை யோசியுங்கள்.

அனுமதி என்று சொன்னேன் இல்லையா. செகண்ட் லைஃபில் எந்தப் பொருளுக்கும் மூன்று அனுமதிகள் இருக்கு. நகல் எடுக்கலாமா, மாற்றலாமா, இன்னொருவருக்குக் கொடுக்கலாமா. ரோபோக்காரர்களுக்கு இதில் உயிர் மாதிரியானது இரண்டாவது. மாற்ற அனுமதி இருந்தால்தான் ஒரு கடையின் தலையை இன்னொரு கடையின் உடம்பில் பொருத்தி, நிறத்தை ஒன்றாக்கி, மார்பில் உங்கள் சொந்த வரிசை எண்ணைப் பொறிக்க முடியும். ஒரே தொழிற்சாலையில் இருந்து வந்த ரோபோ மாதிரி எல்லாரும் நிற்கும் இடத்தில், பழைய இரும்புக் கடையில் பொறுக்கிச் சேர்த்த மாதிரி ஒருவர் வந்தால் அவரைச் சுற்றித்தான் கூட்டம் கூடும். இது எது, அது எங்கே வாங்கினீங்க என்று பேச்சு ஆரம்பமாகும். அங்கே நட்பு தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். வாங்கும்போதே அனுமதியைப் பார்த்து வாங்குங்கள் என்று போன தடவையே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

சரி, எங்கே போவது. முதல் வேலை, உங்கள் உடம்பைச் செய்தவரின் குழுவில் சேருங்கள். கடையில் ஒரு பலகை இருக்கும், தொட்டால் குழு திறக்கும். காசு கட்டாத கணக்குக்கு 42 குழுக்கள் வரை இடம் இருக்கு, ஆகவே ஒன்றில் சேர்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. புதுப்பிப்பு வந்தால் அறிவிப்பு அங்கேதான் வரும். கை கழன்றுவிட்டது, கண் எரியவில்லை என்றால் கேட்கிற இடமும் அதுதான். செய்தவரே பதில் சொல்லாவிட்டாலும் அதே உடம்பை மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் சொல்வார். எனக்கு அவர்தான் செய்தவரை விட நம்பகமானவர், ஏன்னா அதன் கோளாறுகள் எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

குழு அரட்டையில் போனவுடன் வணக்கம் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் படித்துப் பாருங்கள். சில குழுக்களில் எல்லாரும் ரோபோவாகவே பேசுவார்கள். பேட்டரி இறங்கிவிட்டது, யூனிட் இவ்வளவு ஆன்லைன் என்று. நடுவில் மனிதராகப் பேச வேண்டியிருந்தால் இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். (( பிள்ளை அழுகிறான், ஐந்து நிமிடத்தில் வருகிறேன் )) என்ற மாதிரி. அதை மதித்தால் போதும், நீங்கள் நன்றாக நடிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அடுத்தது நேரம். அங்கே கடிகாரம் கலிபோர்னியா நேரத்தில் ஓடும். ஒரு நிகழ்ச்சி இரவு 7 மணி என்று போட்டிருந்தால், அவர்களுக்குக் கோடைக்காலமாக இருக்கும்போது நமக்கு மறுநாள் காலை 7.30, குளிர்காலத்தில் 8.30. ஐரோப்பியர்கள் கூடும் நேரம் பெரும்பாலும் அங்கே நண்பகல், நமக்கு நள்ளிரவு 12.30. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு நம்முடைய மாலை 6 மணிக்கு உள்ளே போய்ப் பார்த்தால் ஊரே காலியாக இருக்கும். அங்கே அப்போது விடிகாலை 5.30. தனியாக நின்றேன் என்று எழுதியவர் எந்த நேரத்தில் நின்றார் என்று சொல்லவில்லை, ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். என் அனுபவத்தில் நமக்கு வசதியான நேரம் காலைதான். காபி குடித்துக்கொண்டே அமெரிக்கர்களின் மாலைக் கூட்டத்தைப் பிடித்துவிடலாம். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு அது இன்னும் இரண்டரை மணி நேரம் தள்ளி, அலுவலக நேரத்தில் வரும். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைதான் வழி. டொராண்டோ நேயர்களுக்கு மூன்று மணி நேர வித்தியாசம்தான், கொடுத்து வைத்தவர்கள்.

இடங்கள் என்று பார்த்தால், சைபர்பங்க் நகரங்களில் ரோபோ ஒரு சாதாரணக் குடிமகன். இன்சிலிகோ என்ற பெயர் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். நீராவிக் கால ரோபோ, அதாவது பித்தளையும் சாவியும் பல்சக்கரமுமாக இருப்பது உங்கள் ரசனை என்றால் காலெடான் போகலாம். 19ஆம் நூற்றாண்டு மாதிரியான நாடு, எல்லாரும் மரியாதையாகத் தொப்பியைத் தூக்கி வணங்குவார்கள். அங்கேயே ஆக்ஸ்பிரிட்ஜ் என்று புதியவர்களுக்கான ஒரு கல்லூரியும் இருக்கு. நடப்பது முதல் கட்டுவது வரை பலகை பலகையாக எழுதி வைத்திருப்பார்கள். ஃபயர்ஸ்டார்ம் வியூவர் பயன்படுத்துபவர்களுக்கு அந்தக் குழுவினரே உள்ளே வகுப்பு எடுக்கிறார்கள். பில்டர்ஸ் ப்ரூவரி என்ற இடத்தில் கட்டுமானம் கற்றுத் தருகிறார்கள். நான் புதியவர்களிடம் எப்போதும் சொல்வது, நடனக் கூடத்தை விட வகுப்பறை நல்ல இடம். நடனத்தில் நாற்பது பேர் இருந்தாலும் யாரும் உங்களோடு பேச வேண்டிய காரணம் இல்லை. வகுப்பில் பக்கத்தில் இருப்பவரின் பெட்டி தரைக்குள் போய்விட்டால் நீங்கள் பேசியே ஆக வேண்டும்.

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், இதற்காகத்தான் இன்றைய பகுதியே. ரோபோ உடம்புகளில் சிலவற்றோடு ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு வரும். பேட்டரி இருக்கும், குறையும், சார்ஜ் ஏற்ற வேண்டும். அதுவரை நல்ல வேடிக்கை. சிலவற்றில் இன்னொருவர் உங்களை இயக்கவும் முடியும். உட்கார வைக்கலாம், நிறுத்தலாம், பேச்சை மாற்றலாம், வேறு இடத்துக்கு அனுப்பலாம். ஆர்எல்வி என்ற வசதி வியூவரில் திறந்திருந்தால் இது நடக்கும். மாரின் கெல்லி என்பவர் உருவாக்கியது, ஃபயர்ஸ்டார்மிலும் அதன் ஒரு வடிவம் இருக்கு. அதைத் திறந்து வைத்தால் நீங்கள் மாட்டியிருக்கும் பொருளால் உங்கள் வியூவருக்கே கட்டளை போட முடியும்.

பலருக்கு இதுதான் ரோபோவாக இருப்பதன் சுவையே. அதை நான் கேலி செய்ய மாட்டேன். வளர்ந்தவர்கள், தெரிந்து, சம்மதித்து ஆடும் ஆட்டம். அந்த இடங்களில் நிறைய வயது வந்தோருக்கான பகுதிகள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புதியவர் ஒருவர் கடையில் இலவசமாகக் கிடைத்த கட்டுப்பாட்டுப் பெட்டியை மாட்டிக்கொண்டு, அது என்ன கேட்கிறது என்று படிக்காமல் சரி சரி என்று அழுத்திவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வெளியே வர வழி தெரியாமல் கணக்கையே மூடிவிட்டுப் போனவர் உண்டு. வழி இருந்தது. வியூவரின் விருப்பங்கள் பக்கத்தில் ஆர்எல்வியை நிறுத்திவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வந்திருந்தால் கட்டு அவிழ்ந்திருக்கும். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் என் ஆலோசனை இது. முதல் மாதம் ஆர்எல்வியைத் திறக்கவே வேண்டாம். பேட்டரி ஆட்டம் மட்டும் ஆட வேண்டும் என்றால் பல அமைப்புகளில் அது இல்லாமலே ஆடலாம். பிறகு திறக்கிறீர்கள் என்றால், மாட்டுவதற்கு முன்பே கழற்றும் வழியைக் கற்றுக்கொள்ளுங்கள். உரிமையாளர் பட்டியலில் யார் பெயர் இருக்கு என்று பாருங்கள். ஒரு நல்ல குழுவை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டால், நான் இதைத்தான் பார்ப்பேன்: புதியவர் வந்ததும் இயக்குவது எப்படி என்று சொல்வதற்கு முன்னால் நிறுத்துவது எப்படி என்று சொல்கிறார்களா. சொன்னால் இருங்கள். நிறுத்துவதைப் பற்றிக் கேட்டதும் சிரித்தாலோ, நீ நிஜமான ரோபோ இல்லை என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். கட்டாய உழைப்பு என்ற பழைய அர்த்தம் எங்கேயோ ஒளிந்துகொண்டுதான் இருக்கு.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஏன் ரோபோ? கேட்டால் பலரும் விஞ்ஞானக் கதை பிடிக்கும் என்பார்கள். கொஞ்ச நாள் பழகிய பிறகு வேறு பதில்கள் வரும். நம்ம ஊரில் ஒருவரைச் சந்தித்த ஐந்து நிமிடத்தில் எந்த ஊரு, என்ன வேலை, கல்யாணம் ஆச்சா, குழந்தை இருக்கா, இன்னும் சில கேள்விகள், உங்களுக்குத் தெரியும், வரிசையாக வரும். ரோபோவிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. ஆணா பெண்ணா என்று கூடத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நடக்க முடியாதவர், நோயில் உடம்பு மாறிப்போனவர், தன் உடம்பைக் கண்ணாடியில் பார்க்கவே பிடிக்காதவர், இவர்களையெல்லாம் நான் அங்கே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மனித அவதாரம் ஒரு பொய் மாதிரித் தோன்றுகிறது, இரும்பு உடம்பு அப்படித் தோன்றவில்லை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். மாற்றுத்திறனாளிகளுக்கு என்றே வர்ச்சுவல் எபிலிட்டி என்ற தொண்டு நிறுவனம் அங்கே ஒரு தீவு நடத்துகிறது. புதியவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். 2009இல் முதல்முறையாகக் கொடுக்கப்பட்ட லிண்டன் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

ஆகவே யாரிடமும் வெளி உலக விவரத்தைக் கேட்காதீங்க, தெரிந்தாலும் இன்னொருவரிடம் சொல்லாதீங்க. இது வெறும் நாகரிகம் இல்லை, விதி. லிண்டன் லேப்பின் சமூக விதிகளில் வெறுப்பு, தொல்லை, தாக்குதல் ஆகியவற்றோடு ஒருவரின் சொந்த விவரத்தை வெளியிடுவதும் தடைசெய்யப்பட்ட ஒன்று.

பங்கெடுப்பது பற்றி. ஒரு குழுவில் ஒரு மாதம் இருந்துவிட்டால் உங்களிடமே யாராவது உதவி கேட்பார்கள். வரவேற்க ஆள் வேண்டும், அதுவும் நம்முடைய பகல் நேரத்தில், அதாவது அமெரிக்கர்கள் தூங்கும்போது. இந்த ஒரு விஷயத்தில் நமக்கு ஒரு மதிப்பு இருக்கு. அவர்கள் ஊரில் ஆளில்லாத நேரத்தில் நாம் அங்கே விழித்திருப்போம். அறிமுகக் குறிப்பு எழுதுவது, கடையின் நோட்கார்டைத் தமிழில் பெயர்ப்பது, படம் எடுப்பது, எல்லாமே வேலைதான். ஆண்டுதோறும் ஜூனில் செகண்ட் லைஃபின் பிறந்தநாள் விழா நடக்கும், குடிமக்கள் தாங்களே காட்சிக்கூடம் அமைப்பார்கள். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக ரிலே ஃபார் லைஃப் என்ற நடைப்பயணம் 2005 முதல் அங்கே நடக்கிறது. அவதாரங்கள் தடம் சுற்றி நடக்கும், சேரும் லிண்டன் டாலர் நிஜப் பணமாகப் போகும். ஒரு குழுவாக ரோபோக்கள் வரிசையில் நடந்து போவதைப் பார்க்க வேண்டும். சார்ஜ் தீர்ந்துபோன ஒருவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், நடிப்புதான், ஆனாலும்.

செய்யத் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு இது நல்ல காலம். ஆரம்பத்தில் பெட்டி, உருளை, உருண்டை என்ற ப்ரிம் துண்டுகளை ஒட்டித்தான் ரோபோ செய்தார்கள். 2011இல் மெஷ் வந்தது, வெளியே பிளெண்டரில் செய்து உள்ளே ஏற்றலாம். 2016இல் பென்டோ வந்து எலும்புக்கூட்டில் புதிய எலும்புகளைச் சேர்த்தது. விரல் அசைந்தது, இறக்கை முளைத்தது, கூடுதல் கை வைக்கவும் வழி பிறந்தது. பிபிஆர் வந்தபிறகுதான் உலோகம் உலோகமாகத் தெரிய ஆரம்பித்தது. அதுவரை எவ்வளவு பளபளப்பு போட்டாலும் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் மாதிரித்தான் இருந்தது, மன்னிக்கணும் பழைய கடைக்காரர்கள். ஏற்றிப் பார்க்கக் காசு செலவாகும் என்று பயமா? சோதனைக்கு என்றே தனி உலகம் இருக்கு, அங்கே நிஜக் காசு போகாது. பெயர் என்ன தெரியுமா? அதிதி. நாம் எல்லாரும் இருக்கும் முக்கிய உலகத்துக்கு நிர்வாகத்தினர் வைத்த பெயர் அக்னி. கலிபோர்னியாவில் யாரோ வேதத்தைப் புரட்டியிருக்கிறார்கள்.

ஸ்கிரிப்ட் மொழி எல்எஸ்எல். பள்ளியில் சி மொழி தொட்டவருக்குப் பழகியதாகவே தெரியும். புதிய ஸ்கிரிப்ட் ஒன்றைத் திறந்து எதுவும் எழுதாமல் சேமித்தாலே, அந்தப் பொருள் ஹலோ அவதார் என்று உங்களை வரவேற்கும். அதில் ஒரு வரியை மாற்றி, தொட்டால் கண் சிவக்கும்படி செய்யுங்கள். முதல் நாளுக்கு அது போதும்.

கடைசியாக ஒரு கதை, நடந்த கதை. சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் ஒரு பட்டறை இருந்தது. ஒரு முழுப் பகுதி, 256 மீட்டருக்கு 256 மீட்டர். துருப்பிடித்த கூரை, சார்ஜ் நாற்காலிகள், நடுவில் ஒரு பெரிய பழுதுபார்க்கும் மேசை. இடத்துக்கு வாடகை கட்டியவர் ஐரோப்பாவில் இருந்த ஒரு அம்மா, அறுபதைத் தாண்டியவர், நாங்கள் எல்லாரும் ஃபோர்மேன் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு முழுப் பகுதிக்கு வாடகை சின்னத் தொகை இல்லை. ஒரு காலத்தில் மாதம் 295 டாலர், 2018இல் 249 ஆக்கினார்கள், பிறகும் கொஞ்சம் குறைந்தது. அவர் அதைத் தனியாகவே சுமந்தார். நாங்கள் உண்டியலில் போட்டது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

ஒரு நாள் அவர் குழுவுக்கு அறிவிப்பு அனுப்பினார். உடம்பு சரியில்லை, சிகிச்சை நீளும், மூன்று வாரத்தில் இடத்தை விடுகிறேன் என்று. பணம் சேர்க்கலாமா என்று பேசினோம், ஒரு மாதத்துக்குச் சேர்ந்திருக்கும், ஆறு மாதத்துக்குச் சேராது. அப்புறம்தான் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்த்தோம், யார் செய்தது, யார் பெயரில் இருக்கு, என்ன அனுமதி. கூரை எங்களில் ஒருவர் செய்தது, பிரச்சினை இல்லை. நாற்காலிகள் கடையில் வாங்கியவை, ஃபோர்மேன் பெயரில், கைமாற்ற அனுமதி இல்லை. ஆனால் கடை இன்னும் இருந்தது, மறுபடி வாங்கலாம். அந்த மேசைதான். அதைச் செய்தவர் பல வருடங்களாக உள்ளே வரவே இல்லை. செய்தி அனுப்பினோம், பதில் இல்லை. ஃபோர்மேனிடம் அது நகல் எடுக்கும் உரிமையோடு இருந்தது, கொடுக்கும் உரிமை இல்லை. வெளியே எடுத்து வைக்கலாம் என்றால் வியூவர் அவரவர் தாமே செய்த பொருளை மட்டும்தான் வெளியே சேமிக்க விடும். அது சரியான விதிதான், இல்லாவிட்டால் திருட்டு பெருகும். ஆனால் அன்றைக்கு அந்த விதி எங்களைச் சுட்டது.

மூன்று வாரமும் தினம் கூடினோம். அந்த மேசையை எல்லாப் பக்கமும் படம் எடுத்தோம், ஒவ்வொரு துண்டின் அளவையும் எண்ணாக எழுதி வைத்தோம். கடைசி நாள் எல்லாரும் அதைச் சுற்றி நின்றோம், யாரும் ரோபோவாகப் பேசவில்லை. இடம் அணைந்ததும் எங்கள் பொருள்கள் எல்லாம் இன்வெண்டரியில் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற அடைவில் வந்து விழுந்தன. அந்தப் பெயரை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை.

இப்போது பட்டறை இருக்கு. பிரீமியம் கணக்கு வைத்திருப்பவருக்கு 1024 சதுர மீட்டர் இடம் தனிக் கட்டணம் இல்லாமல் கிடைக்கும், எங்களில் ஒருவர் அதைக் கொடுத்தார். சின்ன இடம், ஆறு பேர் நின்றால் தோள் இடிக்கும். மேசையை நாங்களே செய்தோம். பழையது மாதிரியே இல்லை, கால் ஒன்று கொஞ்சம் குட்டை. ஆனால் அதன் பிளெண்டர் கோப்பு மூன்று பேரின் கணினியில் இருக்கு, உள்ளே இருக்கும் பொருள் நகல், மாற்றம், கைமாற்றம் மூன்று அனுமதியோடும் குழுவில் எல்லாரிடமும் இருக்கு. நீங்கள் ஒரு குழுவில் சேர்ந்து ஏதாவது செய்து கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாளிலேயே இதைக் கேளுங்கள்: இந்த இடத்துக்கு யார் பணம் கட்டுகிறார், அவர் ஒரு மாதம் வர முடியாமல் போனால் என்ன ஏற்பாடு. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டவரை எந்த நல்ல குழுவும் துரத்தியதாக நான் பார்த்ததில்லை. உண்டியலில் 50 லிண்டன் டாலர் போட்டால் நம்ம காசுக்கு இருபது ரூபாய் பக்கத்தில்தான் வரும், அதையும் போடுங்கள்.

ஃபோர்மேன் இப்போதும் வருவார், மாதத்தில் ஒரு நாள் இரண்டு நாள். சார்ஜ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மேசையின் குட்டைக் காலைப் பற்றிக் குறை சொல்வார்.

மேடையில் தனியாக நின்ற தம்பிக்கு: உங்கள் கணக்கின் பெயரை எழுதி அனுப்புங்கள், வரும் ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் காலை 8 மணிக்குப் பட்டறைக்கு அழைக்கிறேன். காம்ப்ளெக்ஸிட்டி எண்ணைப் பார்த்துவிட்டு வாங்க. மற்றவர்களும் வரலாம், ஆறு பேர் வரைக்கும். அடுத்த பகுதியில் பிளெண்டரில் ஒரு ரோபோ விரல் செய்வது எப்படி என்று பார்ப்போம்.